அட்டை இல்லாமல் வந்த கோட்டு

எங்கள் உடையறையில் அட்டை இல்லாத துணி கிடையாது. ஒவ்வொரு உடுப்பின் கழுத்திலும் ஒரு சின்ன வெள்ளை அட்டை குத்தியிருக்கும்: யார் போடுவது, என்ன மனநிலை, எத்தனையாவது உடுப்பு. ‘தாய், துக்கம் 2.’ ‘வில்லி, பளபளப்பு 5.’ ‘மாப்பிள்ளை, ஏமாற்றம் 1.’ பொகோட்டாவில் தொலைக்காட்சித் தொடர் எடுக்கிற அந்த ஸ்டுடியோவில் பதினேழு வருடமாக இஸ்திரி போடுகிறேன். இந்த நாட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்த துக்கத்தில் பாதி என் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போய் வந்ததுதான். என் பெயர் லியோனில்தே. தொடர் முடிந்ததும் ஓடுகிற பெயர்களில் தேடாதீர்கள், கிடைக்காது.

பிரிசெய்தா அதே உடையறையில் தையல்காரி. அவளுடைய மகள் யோலிமாவுக்கு நான் ‘மத்ரீனா’, அதாவது ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிடுவோம். ஒரே வாடகை வீட்டில் அடுத்தடுத்த அறை. காலை ஐந்தரைக்கு ஒரே பேருந்து, ஒரே இருக்கை. அவளுக்கு ஜன்னலோரம், எனக்கு இந்தப் பக்கம். பதினைந்து வருடமாக இதில் மாற்றம் இல்லை.

போயாக்கா மலையில் உருளைக்கிழங்கு விளைகிற ஊரிலிருந்து பதினாறு வயதில் வந்தவள் அவள். அந்த ஊர்க் குளிர் கன்னத்தில் ஏறி உட்கார்ந்தால் இறங்கவே இறங்காது. இரண்டு கன்னமும் செக்கச் செவேலென்று வெடித்திருக்கும். குட்டை உருவம், அகன்ற முகம். நகரத்துக்காரர்கள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், உடனே குரலை மாற்றிக்கொள்வார்கள். பிள்ளை பிறந்த வருடம் வெனிசுவேலாவுக்கு வேலை தேடிப் போன புருஷன் அங்கேயே கரைந்துபோனான். அவள் பகலில் வீடுகளைத் துடைத்தாள், மாலையில் தட்டச்சு படித்தாள். வகுப்பில் அவள்தான் முதல்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு காப்பீட்டு நிறுவனம் விளம்பரம் போட்டது. ‘வரவேற்பாளர் தேவை. தட்டச்சு, நல்ல தோற்றம்.’ அந்த நல்ல தோற்றத்துக்காக பிரிசெய்தா ஒரு கோட்டும் பாவாடையும் தைத்தாள். கத்தரிப்பூ நிறக் கம்பளித் துணி. தோளுக்குப் பஞ்சு. முன்னால் எட்டுப் பொத்தான், எட்டையும் அதே துணியால் மூடியிருந்தாள். கழுத்துக்கு வெள்ளை நூலில் அவளே பின்னிய பட்டை. உள்ளே திருப்பிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் போலவே இருக்கும். அப்படியொரு தையலை நான் அதற்குப் பிறகு எந்த நடிகையின் முதுகிலும் பார்க்கவில்லை.

தேர்வில் முதலில் வந்தாள். அப்புறம் ஒரு கனவான் அவள் கன்னத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். “உங்களை உள் வேலைக்கு எடுத்துக்கலாம்மா. முன்பக்கத்துக்குச் சரிவராது” என்றார். உள் வேலை என்றால் துடைப்பம். அவள் வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டாள். மறுவாரம் நான்தான் அவளை ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டேன். கோட்டு காகிதத்தில் சுற்றப்பட்டு அலமாரிக்குள் போனது. வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வெயிலில் காயப்போடுவாள், திரும்ப வைப்பாள்.

இப்போது யோலிமாவுக்கு இருபது வயது. அம்மாவின் கன்னம், அம்மாவின் விரல். காரியதரிசிப் படிப்பு முடித்துவிட்டாள். ஒரு கண் மருத்துவமனை ஆள் கேட்டு விளம்பரம் போட்டபோது பிரிசெய்தா அந்தத் துண்டைக் கத்தரித்து என்னிடம் காட்டினாள். ‘வரவேற்பாளர் தேவை. கணினி, நல்ல தோற்றம்.’ தட்டச்சு போய்க் கணினி வந்துவிட்டது, மற்றது அப்படியே இருந்தது.

“என் கோட்டைத்தான் போட்டுக்கிட்டுப் போவா. இடுப்புல ரெண்டு விரல் பிடிச்சா போதும், அளவெடுத்த மாதிரி இருக்கும்” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் தோன்யா கிளெமென்சியா வந்தாள். எங்கள் உடையறைத் தலைவி; ‘தோன்யா’ என்பது மரியாதைக்கு, ஆணென்றால் ‘தோன்’. புதுத் தொடருக்குத் துணி சேகரித்துக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கினால் புதுசாகத் தெரியும் என்று வேலைக்காரர்களின் வீட்டுத் துணியைக் கேட்டு வாங்குவது அவள் பழக்கம். யோலிமாவுக்கு இடுப்பு பிடிப்பதற்காக பிரிசெய்தா கோட்டை அன்று வேலைக்குக் கொண்டு வந்திருந்தாள். தோன்யா அதைத் தூக்கிப் பிடித்தாள். கண் விரிந்தது.

“பிரிசெய்தா! இது யாரோடது?”

“என்னோடதுதான் தோன்யா. நானே தைச்சது.”

“அற்புதம். முதல் பகுதியில கதாநாயகி வேலை தேடி வர்றா. இதைத்தான் போடணும். தருவியா?”

கதை என்னவென்று எங்களுக்குத் தெரியாது. வசனக் காகிதத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். முதல் நாள்வரை கதாநாயகியின் முகத்தைக் காட்டுவதில்லை என்பது சேனலின் தந்திரம். ஊரெல்லாம் ஒட்டிய சுவரொட்டியில்கூட ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். வேலை தேடி வருகிற பெண், அதுவும் கதாநாயகி. பிரிசெய்தா வேறென்ன நினைப்பாள்? கோட்டைக் கொடுத்துவிட்டாள், அன்று அவள் கால் தரையில் பாவவில்லை.

படப்பிடிப்பு முடிந்து கோட்டு இஸ்திரிக்கு என் மேசைக்கு வந்தது. கழுத்தில் அட்டை. தோன்யாவின் கையெழுத்து.

‘கதாநாயகி, அசிங்கம் 1.’

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் ஊசியைக் கழற்றி அட்டையை என் மேலங்கிப் பைக்குள் போட்டேன். கோட்டை மடிப்பில்லாமல் தேய்த்து பிரிசெய்தாவிடம் கொடுத்தேன். “கதாநாயகி போட்ட கோட்டுடி” என்றாள். “ஆமா” என்றேன்.

சொல்லியிருக்கலாம். தொடர் ஆரம்பிக்க மூன்று வாரம் இருந்தது. ஒவ்வொரு காலையும் பேருந்தில் அவள் தோள் என் தோளில் இடிக்கும், வாய்வரை வரும். அவள் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள், நான் விழுங்கிவிடுவேன். நாளைக்குச் சொல்லலாம் என்பேன். அப்படியே இருபத்தொரு ‘நாளைக்கு’கள் போயின.

இதற்குள் அவள் தெரு முழுக்க அழைப்பு வைத்துவிட்டாள். மூலைக் கடைக்கார தோன் எஃப்ராயினிடம்தான் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. “திங்கக்கிழமை எட்டு மணிக்கு எல்லாரும் வாங்க. என் தையல் வருது” என்றாள். யோலிமாவின் நேர்முகம் செவ்வாய்க்கிழமை காலை. பிரிசெய்தா இதையும் ஒரு கணக்காக வைத்திருந்தாள். ராத்திரி ஊரே பார்த்த கோட்டு, காலையில் மகள் போட்டுக்கொண்டு போய் நின்றால் அதுவே பாதி வேலையை வாங்கித் தரும் என்று.

“அங்க இருக்கற பொண்ணுங்க கேப்பாங்க பாரு, கொமாத்ரே. ‘இது அந்தத் தொடர்ல வந்த கோட்டு மாதிரியே இருக்கே’ன்னு. இவ சொல்லணும், ‘மாதிரி இல்லங்க, அதேதான், எங்கம்மா தைச்சது’ன்னு.”

“அம்மா, நான் அப்படியெல்லாம் பேச மாட்டேன்” என்றாள் யோலிமா.

“பேசலன்னா கோட்டே பேசும்.”

திங்கள் மாலை கடைக்குள் முப்பது பேர். எங்கள் ஊர் வழக்கப்படி சாக்லேட் பானம் காய்ச்சி, கோப்பைக்குள் பாலாடைக்கட்டி போட்டுக் கொடுத்தாள் பிரிசெய்தா. எல்லாம் அவள் செலவு. தோன் எஃப்ராயின் பீர்ப் பெட்டிகளைக் கவிழ்த்து வரிசையாக இருக்கை போட்டிருந்தார். முதல் வரிசை நடுவில் பிரிசெய்தா, அவளுக்கு இடப்பக்கம் யோலிமா, வலப்பக்கம் நான்.

பாட்டு ஓடியது. பெரிய அலுவலகம், கண்ணாடிக் கதவு, மேசைக்குப் பின்னால் இரண்டு ஒல்லி அழகிகள். மின்தூக்கிக் கதவு திறந்தது. முதலில் முகத்தை மட்டும் காட்டினார்கள். நாட்டிலேயே அழகி என்று பேரெடுத்த நடிகை. பல்லில் ஏதோ ஒட்டிப் பல்லைத் தூக்கி, புருவத்தைச் சேர்த்து வரைந்து, கன்னம் இரண்டிலும் செக்கச் செவேலென்று சாயம் பூசியிருந்தார்கள். பயந்த கண்ணால் அங்குமிங்கும் விழித்தாள். தடுக்கியதில் அந்த முகம் திரையைவிட்டுச் சரிந்து மறுபடி மேலே வந்தது.

கடை அதிர்ந்தது. எல்லாரையும்விட பிரிசெய்தாதான் சத்தமாகச் சிரித்தாள். அவள் கையிலிருந்த கோப்பை குலுங்கி என் மடியில் சாக்லேட் சிந்தியது.

“ஐயோ பாவம், எங்க இருந்துடி பிடிச்சாங்க இவளை!” என்றாள் என் தொடையில் தட்டி.

படக்கருவி பின்னால் நகர்ந்தது. வெள்ளை நூல் கழுத்துப்பட்டை. தோள் பஞ்சு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுப் பொத்தானும் வந்தன. மேசை அழகிகளில் ஒருத்தி மற்றவள் காதில், ஆனால் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “இதை யாருடி தைச்சது, குருடனா?”

மறுபடி சிரிப்பு கிளம்பி பாதியில் அறுந்தது. பின்வரிசையில் ஒரு பெண் “இது பிரிசெய்தாவோட...” என்று ஆரம்பித்தாள், யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். பிரிசெய்தாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இறங்கவில்லை. அதை எடுத்து எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. விளம்பரம் வரும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து, காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சேகரித்தாள். “இன்னும் சாக்லேட் யாருக்கு வேணும்?” என்று கேட்டாள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் அறைக்கு நானும் பின்னாலேயே போனேன். கோட்டு அலமாரிக் கதவில் தொங்கியது, இடுப்பு பிடித்து, தேய்த்து, நாளைக்குத் தயாராக. பிரிசெய்தா நேராகப் போய்க் கத்தரியை எடுத்தாள். முதல் பொத்தானைப் பிடித்தாள்.

யோலிமா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, விடு.”

“பொத்தானை மாத்திடறேன். கழுத்துப்பட்டையை எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது.”

“நிறத்தை என்ன பண்ணுவ? ஊரே பார்த்தாச்சும்மா.”

“அப்ப வேற எதையாவது போட்டுக்கிட்டுப் போ.”

“வேற எது இருக்கு? காலையில எட்டு மணிக்கு அம்மணமா போய் நிக்கவா?” யோலிமாவின் குரல் உடைந்தது. “எனக்குத் தெரியும் நான் எப்படி இருக்கேன்னு. அந்தக் கன்னம் என்னோடதுதானே. கோட்டை மட்டும் மாத்தி என்னத்துக்கு ஆகும்?”

பிரிசெய்தா கத்தரியைக் கீழே வைத்தாள். கோட்டின் கழுத்தை உள்ளே திருப்பி, விரலால் தடவிப் பார்த்தாள். அங்கே ஊசி குத்திய இரண்டு சின்ன ஓட்டை இருந்திருக்க வேண்டும். தையல்காரி விரலுக்கு அது தப்புமா? என் பக்கம் திரும்பினாள்.

“கொமாத்ரே. அட்டை இல்லாத துணி நம்ம இடத்துல இல்ல. என் கோட்டு மட்டும் ஏன் அட்டை இல்லாம வந்துச்சு?”

நான் மேலங்கிப் பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். மூன்று வாரமாக அது அங்கேதான் இருந்தது. மூலை மடங்கி, என் கை வேர்வையில் பழுத்துப் போயிருந்தது. அவள் விளக்கடியில் பிடித்து மெதுவாக வாசித்தாள்.

“கதாநாயகி. அசிங்கம். ஒண்ணு.” அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஒண்ணுன்னா, ரெண்டும் இருக்கா?”

“இருக்கு.”

“யாரோடது?”

“என்னோடது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போடுவேனே, அந்தப் பழுப்புக் கவுன். என்கிட்டயும் வாங்கிட்டுப் போனாங்க. என் அட்டையைப் பார்த்த அப்புறம்தான் உன்னோடதைப் பார்த்தேன். வெக்கமா இருந்துச்சு, கொமாத்ரே. உன்னோடதைச் சொன்னா என்னோடதையும் சொல்லணும்.”

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன், நான் பெரிய முட்டாள். அவள் முகம் கல்லாகிவிட்டது.

“நாலு நாள்” என்றாள். “புதுக் கோட்டு தைக்க எனக்கு நாலு நாள் போதும்னு உங்களுக்குத் தெரியும். மூணு வாரம் பையில வச்சிருந்தீங்க.”

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னை ‘நீங்க’ என்றாள். நான் யோலிமாவைப் பார்த்தேன். அவள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை என் அலமாரியைத் திறந்து வெகுநேரம் நின்றேன். கடைசியில் அந்தப் பழுப்புக் கவுனைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, வேறு எதைப் போட்டாலும் ஒளிந்துகொள்கிற மாதிரி இருந்தது. பிரிசெய்தா எனக்கு முந்தைய பேருந்திலேயே போய்விட்டிருந்தாள். யோலிமா எட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டு வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றாள். “நல்லா இருக்க, பிள்ள” என்றேன். “பொய் சொல்லாதீங்க, மத்ரீனா” என்றாள், கோபமில்லாமல்.

உடையறையில் அன்று திருவிழா. நேற்று நாட்டில் பாதிப் பேர் எங்கள் தொடரைத்தான் பார்த்தார்களாம். தோன்யா கிளெமென்சியா கையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

“பிரிசெய்தா, தங்கமே! உன் கோட்டுதான் ஹீரோ. டைரக்டர் இனிமே அதையே எல்லாப் பகுதியிலயும் போடணும்னுட்டார். இன்னிக்குப் பிற்பகலே வேணும், எடு எடு.”

பிரிசெய்தா தையல் மிஷினை நிறுத்தவில்லை. “அது இங்க இல்ல தோன்யா. என் பொண்ணு போட்டுக்கிட்டு வேலை கேக்கப் போயிருக்கா.”

தோன்யா நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். அப்புறம் அவள் முகம் மாறியது. “ஐயோ” என்றாள். “அதையா?”

மிஷின் நின்றது. தோன்யா ஒத்தாசைக்கு என் பக்கம் திரும்பினாள், என் பழுப்புக் கவுனைப் பார்த்தாள், சட்டென்று பார்வையை இஸ்திரி மேசைக்கு இறக்கிக்கொண்டாள். கெட்ட மனுஷி இல்லை அவள். ஈஸ்டருக்கு எங்கள் எல்லாருக்கும் ரொட்டி கொண்டு வருவாள். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

பதினொரு மணிக்குச் சுவர்த் தொலைபேசி அடித்தது. தெருமுனைக் கூண்டிலிருந்து யோலிமா. பிரிசெய்தா குழலைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தாலும் அந்தப் பெண்ணின் குரல் எனக்குக் கேட்டது.

“தேர்வுல நான்தான் முதல்மா. ஆறு பேர்ல.”

“அப்புறம்?”

“முன்மேசைப் பொண்ணுங்க ரெண்டு பேரும் கையால வாயை மூடிக்கிட்டாங்க. மேலாளரும் நேத்துப் பார்த்திருப்பார் போல, கோட்டையே பார்த்துட்டிருந்தார். ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். கீழ்த்தளத்துல பழைய கோப்பு அறை இருக்காம். அங்க வரீங்களான்னார். முன்பக்கத்துக்குச் சரிவராதாம்.”

பிரிசெய்தா கண்ணை மூடினாள். “நீ எழுந்து வந்துட்டேல்ல?”

அந்தப் பக்கம் பேருந்துச் சத்தம் மட்டும் கேட்டது. “இல்லம்மா. சரின்னுட்டேன். நாளையிலிருந்து வரச்சொல்லியிருக்காங்க. எத்தனை நாள்தான் உன் தலையிலயே இருக்கறது?”

“அந்தக் கோட்டு போட்டதாலதானா?”

“தெரியலம்மா. அது யாருக்குத் தெரியும்?”

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், மூன்று தடவை தவறியது. நான் எழுந்து போய்க் கோத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். அவள் ஊசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யோலிமா மதியம் கோட்டைக் கொண்டுவந்து வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு, மேலே வராமலே போய்விட்டாள்.

தோன்யா தயங்கித் தயங்கி வந்தாள். “பிரிசெய்தா, உனக்கு விருப்பமில்லன்னா நான் வேற...”

“தரேன் தோன்யா. வேலைன்னா வேலை. ஆனா அட்டையை நான் எழுதறேன்.”

தோன்யா தலையாட்டினாள். பிரிசெய்தா புது அட்டை ஒன்றை எடுத்து, மார்க்கிங் பேனாவால், தட்டச்சு வகுப்பில் முதலில் வந்தவளின் நேரான எழுத்தில் எழுதினாள். ‘கோட்டு, பாவாடை. தைத்தவர் பிரிசெய்தா. வேலை முடிந்ததும் திருப்பித் தரவும்.’ பழைய ஓட்டையிலேயே ஊசியைக் குத்தினாள். தோன்யா அதை வாசித்துவிட்டுக் கோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

“எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன், கொமாத்ரே” என்றேன். “பழுப்புக் கவுனுக்கு.”

அவள் பேனாவை மூடி என் இஸ்திரி மேசை ஓரத்தில் வைத்தாள். “உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே” என்றாள்.

மாலைப் பேருந்தில் எங்கள் இருக்கை காலியாக இருந்தது. நான் முந்தி ஏறி ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். பிரிசெய்தா என்னைத் தாண்டிப் பின்னால் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடுவரை ஒரு மணி நேரம், நின்றுகொண்டே வந்தாள்.